அந்தப் பாட்டுக்காக அலபாமா போகிறவர்களுக்கு

'ஸ்வீட் ஹோம் அலபாமா' பாட்டு பிறந்த இடம் என்று நம்பி அலபாமா மாநிலத்து மஸில் ஷோல்ஸ் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். லினர்ட் ஸ்கினர்ட் என்ற அமெரிக்க ராக் குழு அதை 1973-ல் பதிவு செய்தது ஜார்ஜியா மாநிலத்து டோராவில்லில். எழுதிய மூவரில் ஒருவர்கூட அலபாமாக்காரர் இல்லை. ரோனி வான் சான்ட், கேரி ராசிங்டன் இருவரும் ஃபுளோரிடா, எட் கிங் கலிஃபோர்னியா. தென்மாநிலங்களின் நிறவெறியைச் சாடி கனடாப் பாடகர் நீல் யங் பாடிய இரண்டு பாடல்களுக்குச் சுடச்சுடக் கொடுத்த பதில் அது.

ஆனாலும் போயே தீர வேண்டும்! காரணம், கடைசிச் சரணத்தில் வரும் 'ஸ்வாம்பர்ஸ்'. பேரி பெக்கெட், ரோஜர் ஹாக்கின்ஸ், ஜிம்மி ஜான்சன், டேவிட் ஹூட் என்ற நான்கு வாத்தியக்காரர்கள். 1969-ல் சொந்தமாக ஸ்டூடியோ தொடங்கினார்கள். பேர் இல்லாத காலத்தில் ஸ்கினர்ட் குழுவை அங்கே பதிவு செய்தவர் ஜிம்மி ஜான்சன். அந்தப் பதிவுகள் ஆல்பமாக வந்தது 1978-ல்தான், அதுவும் வான் சான்ட் விமான விபத்தில் இறந்த மறுவருடம். அந்தச் சரணம் அவர்களுக்குச் செலுத்திய நன்றி.

எல்லாரும் வழி தவறுவது இங்கேதான்: 'மஸில் ஷோல்ஸ் சவுண்ட்' என்ற அந்த நால்வரின் ஸ்டூடியோ இருப்பது மஸில் ஷோல்ஸில் இல்லை, பக்கத்து ஊர் ஷெஃபீல்டில். மேப்பில் பெயரைப் போடாமல் '3614 ஜாக்சன் ஹைவே, ஷெஃபீல்ட்' என்று முகவரியைப் போடுங்கள். மஸில் ஷோல்ஸ் ஊருக்குள் இருப்பது ஃபேம் ஸ்டூடியோ. அது வேறு. நால்வரும் அங்கிருந்துதான் பிரிந்து வந்தார்கள். ஜாக்சன் ஹைவே கட்டடம் சின்னது, முன்பு சவப்பெட்டிகள் வைத்திருந்த இடம். ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு 1969 டிசம்பரில் 'பிரவுன் ஷுகர்' பாட்டைப் பதிவு செய்ததும் இதற்குள்தான் என்றால் உடம்பு சிலிர்க்கிறது. உள்ளே அழைத்துப்போய்க் காட்டுவார்கள். நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில், பஸ்ஸை நம்பினால் நாள் வீண். ஹன்ட்ஸ்வில் விமான நிலையத்திலிருந்து டாக்ஸி பிடித்தால் திரும்பிவரவும் அதே பணம் அழ வேண்டும். வாடகைக் கார்தான் கட்டுப்படி. ஆனால் முன்பணத்துக்காகக் கிரெடிட் கார்டில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள், 25 வயதுக்குக் கீழென்றால் தனிக் கட்டணம் வேறு. இதைக் கணக்கில் சேர்க்காமல் பட்ஜெட் போடாதீர்கள்.

போகும் வழியில் டிகேட்டரில் நிறுத்துங்கள். 1925-லிருந்து நடக்கும் பிக் பாப் கிப்சன் கடையில் புகையில் வெந்த கோழியை வெள்ளைச் சாஸில் முக்கித் தருவார்கள். மயோனைஸ், வினிகர், மிளகுத்தூள். தக்காளிச் சாஸ் தித்திப்பு கிடையாது, புளிப்பும் காரமும்தான். மிளகுக் கோழி பிடித்த நாக்குக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். சாஸைத் தனியாக இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்குங்கள்.