பூனைக்கும் ஊசி

காலையில் அம்மாவுக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்து தம்பி வீடியோவில் வந்தான். அவன் கையிலும் ஊசி. மடியில் பூனை.

"அதுக்குமா சக்கரை?" என்றார் அம்மா.

"பர்மீஸ் ஜாதிம்மா. நம்ம பக்கத்துப் பூனை."

1930இல் பர்மாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன வாங் மாவ் என்ற பெண்பூனைதான் அந்த இனத்தின் ஆதித்தாய். சின்ன வம்சம், உறவுக்குள்ளேயே பெருகியது. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் மற்ற பூனைகளைவிட இவற்றுக்குச் சக்கரை அதிகம் வருகிறது.

இத்தனைக்கும் பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. அந்த ருசிக்கான மரபணு அதற்கு வேலை செய்வதில்லை.

தாத்தாவுக்கும் சக்கரை, பெரிய மாமாவுக்கும் சக்கரை. அப்படியிருந்தும், தித்திப்பு தின்றுதான் வந்தது என்று அம்மாவை எத்தனை முறை கடிந்திருக்கிறேன்!

அம்மா போன் திரையில் பூனையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.