தொடைக் காயத்தை யாரும் சொல்லித் தரவில்லை

கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்தது. வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக் குசினி சின்னது, விலகி நிற்க இடமில்லை. இடது கணுக்காலிலிருந்து புறங்கால் வரை ஊற்றிவிட்டது. கஞ்சி வெந்நீரைப் போல வழிந்து போகாது, தோலில் ஒட்டிக்கொண்டு நின்று வேகவைக்கும். எரிந்த இடத்தை 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடிக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு நிமிடம் பிடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

16 நாள் வெள்ளைக் கிரீம் பூசி மருந்து கட்டினார்கள். ஓரங்கள் ஆறின. நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் வெளிறிப்போய் அப்படியே கிடந்தது. மூன்று வாரத்தில் மூடாத எரிகாயம் தானாக ஆறினாலும் தடித்துச் சுருங்கும், கணுக்கால் மடங்காமல் போகலாம் என்று வைத்தியர் விளக்கினார். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவதென்று முடிவானது. சத்திரசிகிச்சை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது, ஒரு மணித்தியாலத்துக்குள் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான்.

ஒட்டிய தோலுக்கு முதல் இரண்டு நாளும் சொந்தமாக இரத்த ஓட்டம் கிடையாது. கீழே உள்ள புண்ணில் ஊறும் நீரைக் குடித்துத்தான் உயிரோடு இருக்கும். அப்புறம்தான் புண்ணின் நுண் குழாய்கள் அதோடு ஒவ்வொன்றாகச் சேரும். ஓரளவு பிடிக்க ஐந்து நாளாவது வேண்டும். அதற்குள் தோல் ஒரு நூல் அளவு வழுக்கினாலும், அடியில் இரத்தம் தேங்கினாலும் அந்த இடம் கறுத்துப்போகும். அதனால்தான் இறுக்கிக் கட்டி, காலுக்குப் பின்னால் பிளாஸ்டர் பலகை வைத்து, இரண்டு தலையணைக்கு மேல் உயர்த்திவிட்டார்கள். இது விளங்கிய பிறகு அசையாமல் கிடப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. காரணம் தெரியாமல் “ஆடாமல் படுங்கோ” என்று மட்டும் சொல்லியிருந்தால் முதல் இரவே புரண்டிருப்பேன்.

ஐந்தாம் நாள் கட்டு அவிழ்த்தார்கள். வெளிக்கட்டு, பஞ்சு எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டன. கடைசியில் தோலோடு ஒட்டியிருந்த மெழுகுத்துணி மட்டும் மிச்சம். தாதி அதன்மேல் சேலைனை ஊற்றிவிட்டு, பத்து நிமிடம் போல விட்டுவிட்டு வேறு கட்டிலுக்குப் போனார். திரும்பி வந்து, இடது கையின் இரண்டு விரலால் என் தோலை மெல்ல அமர்த்திப் பிடித்துக்கொண்டு, வலது கையில் இடுக்கியால் துணியை மேலே தூக்காமல் பக்கவாட்டாக, தரையோடு தரையாக உரித்தார். அடியில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து, மீன்வலை போலக் கட்டம் கட்டமாக ஒரு தோல். தோலை விரித்து ஒட்டுவதற்காகவும், நீர் தேங்காமல் வடியவும் அப்படித் துளையிட்டு ஒட்டுவார்களாம். “ஹொந்தய், ஹொந்தய்” என்றார் தாதி. பிறகு எனக்காகத் தமிழில், “நல்லா புடிச்சிருக்கு, அழாதீங்க அக்கா” என்றார்.

சரி, கால் நன்றாகத்தான் இருந்தது. என்னை வாட்டியது தொடை. ஒருவருமே அதைப்பற்றி முதலில் சொல்லவில்லை. தோல் சீவிய இடத்தில் மேற்படை போய் நரம்பு முனைகள் திறந்து கிடக்கும், ஆகையால் ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகம் எரியும். சிமெந்துத் தரையில் விழுந்து முழங்கால் தேய்ந்தால் எப்படி இருக்கும்? அதையே தொடை முழுவதும் நினைத்துப் பாருங்கள். அங்கே ஒட்டிய கட்டை அவிழ்க்கக் கூடாது. அடியில் மயிர்க்கால்களிலிருந்து புதுத்தோல் வளர்ந்து, இரண்டு வாரம் அளவில் கட்டு தானாகக் கழன்று வரும். கழன்ற ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டால் போதும்.

நான் பதினோராம் நாள் பிழை விட்டேன். வீட்டுக்கு வந்தாயிற்று, கொழும்புப் புழுக்கத்தில் கட்டு நனைந்து பழைய இரத்த வாடை வீசியது. கிளினிக்குக்கு இன்னும் மூன்று நாள். பக்கத்தில் மருந்து கட்டும் ஓரிடத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் சேலைன் ஊற்றி நனைக்காமல், தோலோடு காய்ந்து ஒட்டியிருந்ததை ஒரே இழுவையாக இழுத்தார். வளர்ந்திருந்த தோலும் சேர்ந்து வந்தது. மறுபடி இரத்தம், மறுபடி முதலிலிருந்து, பத்து நாளுக்கு மேல் கூடுதலாக எடுத்தது. வாடை மட்டும் என்றால் பயமில்லை என்று கிளினிக்கில் பிறகு சொன்னார்கள். காய்ச்சல், சுற்றிலும் பரவும் சிவப்பு, பச்சையாகச் சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி இருந்தால் உடனே வர வேண்டும். யார் கட்டு மாற்றினாலும் “முதலில் நனையுங்கோ” என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்றார். “முட்டை வேண்டாம் பிள்ளை, கிரந்தி. கத்தரிக்காயும் இறாலும் தொடாதை” என்பார். கிரந்தி என்றால் புண்ணைக் கிளப்பும் சாப்பாடாம். வைத்தியரோ முட்டை, மீன், பருப்பு நிறையச் சாப்பிடச் சொன்னார், தோல் வளரப் புரதம் வேண்டும். அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப்போய் அவர் வாயாலேயே கேட்கவைத்தேன். அன்றிலிருந்து தினமும் இரண்டு முட்டை அவித்துத் தந்தார். கத்தரிக்காயையும் இறாலையும் அம்மாவின் மனதுக்காக நான் விட்டுவிட்டேன்.

காலை முதல்முறை கீழே தொங்கவிட்டபோது இரத்தம் இறங்கி, தோல் கத்தரிப்பூ நிறமாகி, ஆயிரம் ஊசி குத்தியது. விரலடியிலிருந்து முழங்கால் வரை பண்டேஜ் சுற்றிக்கொண்டு, ஐந்து ஐந்து நிமிடமாகத்தான் பழக வேண்டும். கிளினிக்குக்கு ஆட்டோவில் போகும்போதும் பின்சீட்டில் காலை நீட்டிவைத்து, அம்மாவின் மடியில் ஏற்றிக்கொண்டுதான் காலி வீதியைக் கடப்பேன்.

புண் மூடிய பிறகு கடி தொடங்கியது. இரவில்தான் மோசம். சொறிந்தால் அந்த மெல்லிய தோல் உடனே கிழியும், ஆகவே நகத்தை ஒட்ட வெட்டி, ஈரத்துணியால் ஒற்றிக்கொள்வேன். வைத்தியர் மாத்திரையும் தந்தார். இந்தத் தோலுக்கு வியர்வையும் இல்லை, எண்ணெய்ப்பசையும் இல்லை. வாசனை சேர்க்காத கிரீமை நாளுக்கு மூன்று நான்கு முறை பூசி, பெருவிரலால் வட்டமாக அழுத்தித் தேய்க்கச் சொன்னார்கள். மேலே இறுக்கமான காலுறை, குளிக்கும் நேரம் தவிர இரவும் பகலும். இரண்டு சோடி வைத்திருக்கிறேன், ஒன்று பல்கனியில் காயும். வெயில் பட்டால் நிறம் நிரந்தரமாகக் கறுக்குமாம், ஆகவே நீளப் பாவாடை இல்லாமல் பஸ்ஸுக்குப் போவதில்லை.

இப்போது ஏழாம் மாதம். வலைக்கட்டம் இன்னும் தெரிகிறது. முன்பெல்லாம் அந்தத் தோல் எலும்போடு அறைந்த மாதிரி அசையாது கிடக்கும். நேற்றிரவு கிரீம் பூசும்போது இரண்டு விரலால் நுள்ளிப் பார்த்தேன், கொஞ்சம் எழும்பியது. அம்மாவுக்கு உடனே போன் எடுத்துச் சொன்னேன்.