போன மாத எண்

"சாமி இல்லை என்கிறாய். பிறகு யாருடைய கண்ணுக்குப் பயந்து இதை மறுபடியும் அளக்கிறாய், தம்பி?"

தருமபுரியில் ஒரு தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் நான் வேலை பார்த்தபோது, மூத்தவர் ஒருவர் கேட்டது இது. கேலி இல்லை. குமாரசாமிப்பேட்டைத் தைப்பூசத் தேரன்று எப்பேர்ப்பட்ட அவசரமானாலும் விடுப்பு எடுத்துவிடுபவர் அவர். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மேடையில் கேட்டுப் பழகிய பகுத்தறிவுப் பதில்கள் இரண்டு மூன்று எனக்குத் தெரியும். குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஒன்றும் வாயில் வரவில்லை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வருவதற்கு முந்தைய காலம். ஊர் ஊராக ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துவந்து, சிவப்புச் சாயக் கரைசல் ஒன்றைச் சேர்ப்போம். ஃபுளோரைடு கூடக் கூடச் சிவப்பு வெளிறும். எவ்வளவு வெளிறியது என்று கருவி காட்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை. பாறையிலிருந்து கரைந்து வருவது இது. நாக்குக்குத் தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது.

தப்பான எண்ணை எழுதினால் மறுநாள் யாருக்கும் வயிற்றுவலி வராது. சிறு வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு, பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போதுதான் பழுப்புக் கறை தெரியும். அதற்குள் நான் எந்த ஊரில் இருப்பேனோ. அந்தக் கறையிலிருந்து தடம் பிடித்து என் மேசைவரை வர எந்தப் போலீசாலும் முடியாது. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தை நம்பி அங்கே ஒருவனும் ஒழுங்காக இருந்திருக்க முடியாது.

அவர் அப்படிக் கேட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. கடும் கோடை. பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றின் பாட்டில் வழியிலேயே ஒழுகிக் காலியாகிவிட்டது. அறிக்கைக்கு அன்றே கடைசி நாள். பதிவேட்டில் போன மாத எண்ணைப் பார்த்தேன்: 1.3. அதையே எழுதிவிட்டேன். இரவெல்லாம் தூக்கமில்லாமல் புரண்டேன் என்றால் அது இன்னொரு பொய், நன்றாகவே தூங்கினேன்.

காலையில் பதிவேட்டைத் திறந்தபோதுதான் அந்த ஊர் அம்மாவின் நினைவு வந்தது. மாதிரி எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு சொம்பு மோர் கொடுப்பார். "நம் தண்ணீர் நல்லதுதானே, தம்பி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். கோயிலில் சாமியிடம் அவர் என்னென்ன கேட்டாரோ எனக்குத் தெரியாது. இதை என்னிடம்தான் கேட்டார். நானும் ஒவ்வொரு முறையும் "பார்த்துச் சொல்கிறேன், அம்மா" என்றுதான் சொல்லியிருந்தேன்.

மூத்தவரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார், குறைந்தபட்சம் முருகனையாவது இழுப்பார் என்று நினைத்தேன். அவர் பதிவேட்டை வாங்கி அந்த 1.3-ஐ ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் தேதி போட்டு என்னிடம் கையெழுத்து வாங்கினார். அறிக்கை தாமதமாகும் என்று மேலே தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள். பத்தரை பஸ்ஸைப் பிடித்தால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம்."