தண்ணிப்பாம்பு வந்த வாரம்

நவம்பர் 27, வியாசர்பாடி

மூன்று நாள் மழை. கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பி, தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். காலையில் மோட்டார் போடப் போனால் தொட்டி ஓரம் ஒரு பாம்பு. என்னைப் பார்த்ததும் முன்னுடம்பைத் தூக்கிக் கழுத்தைத் தட்டையாக விரித்தது. "நல்லபாம்பு!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுப் பையன் கட்டையோடு ஓடிவந்தான். அதற்குள் அது தண்ணீரில் இறங்கிவிட்டது.

நவம்பர் 28

மறுபடி அதே இடம். தள்ளி நின்று படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் பாய்ந்த உடம்பில் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்புக் கட்டங்கள். கண்ணிலிருந்து இரண்டு கறுப்புக் கோடுகள்: ஒன்று நேரே உதட்டுக்கு, மற்றது வாயோரத்துக்குச் சாய்வாக.

எதிர்வீட்டு அத்தை புழல் ஏரிக்கரையில் வளர்ந்தவர். படத்தைப் பார்த்துச் சிரித்தார். "இதுக்கா தம்பி தெருவையே கூட்டின? தண்ணிப்பாம்பு. எங்க நைனா ஏரியில வலை போட்டா மீனோட இதுவும் மாட்டும்."

நவம்பர் 29

இதற்கு 1799-இல் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர் 'பிஸ்கேட்டர்'. லத்தீனில் மீன் பிடிப்பவன். அத்தையின் நைனாவும் இதுவும் ஒரே தொழில்தான்! மீன் போகத் தவளையும் தின்னும். பெண் பாம்பு வழக்கமாக 30 முதல் 70 முட்டை வரை இடும், சிலசமயம் 100 கூட. பொரியும்வரை பக்கத்திலேயே காவல் இருக்குமாம். வாலைப் பிடித்தால் வாலை விட்டுவிட்டு ஓடுவதும் உண்டு. ஆனால் பல்லி மாதிரி திரும்ப முளைக்காது, பாவம்.

டிசம்பர் 1

தொட்டி வாயில் கட்டியிருந்த கொசுவலையில் சிக்கிக் கிடந்தது. விஷம் இல்லையே என்ற தைரியத்தில் கத்தரிக்கோலோடு போனேன். விஷம்தான் இல்லை, பல் இருக்கிறது. வலை அறுந்த அதே நொடியில் விரலைக் கவ்வியது. ரத்தம் நிற்கவே நேரமாயிற்று.

டாக்டர் போன் படத்தை நம்பவில்லை. சாயங்காலம் வரை உட்காரவைத்து, டி.டி. ஊசி போட்டுத்தான் அனுப்பினார். அவர் செய்தது சரி. வெறுங்கையோடு போன நான்தான் முட்டாள்.

டிசம்பர் 3

தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது. பாம்பைக் காணோம். கொசுவலையில் பெரிய ஓட்டை, தொட்டிக்குள் இரண்டு தவளை. புது வலை வாங்கச் சொல்லி அத்தை காலையிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறார்.