சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பயிற்சி வேண்டும்

காரைக்குடிப் பகுதியில் செவிலிய மாணவியருக்குப் பாடம் சொல்லித் தருபவள் நான். நம் நாட்டில் நர்ஸ் பிராக்டிஷனர் என்னும் செவிலியர் மேற்படிப்பு தீவிர சிகிச்சைக்கும் மகப்பேற்றுக்கும் வந்துவிட்டது. அமெரிக்காவில் இப்படிப்பை முடித்தவர்கள் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதவும் செய்கிறார்கள். எந்த நாட்டில் படித்தாலும், எந்தப் பிரிவில் படித்தாலும், இம்மாணவர்களுக்கு நீரிழிவுப் பராமரிப்பில் தனிப் பயிற்சி கட்டாயம் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இத்தனை பேருக்கான நோயைப் பாடநூலில் ஓர் அத்தியாயமாக மட்டும் படித்துவிட்டு வார்டுக்குள் நுழைவது போதாது.

முதலில் இன்சுலினை எடுத்துக்கொள்வோம். இங்கே குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40 யூனிட் மருந்துக்கும் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 100 யூனிட் மருந்துக்கும் உரியவை. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உடலுக்குள் போவது 8 யூனிட் மட்டுமே. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடுவரை இழுத்தாலோ 50 யூனிட் போய்விடும். மாணவி இந்தக் கணக்கைத் தன் கையால் போட்டுப் பார்த்திருந்தால்தான், வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவரிடம் "உங்கள் சிரிஞ்சைக் காட்டுங்கள்" என்று கேட்கத் தோன்றும்.

அடுத்தது பாதம். சர்க்கரை நோயால் நரம்பு உணர்விழந்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நம் ஊரில் இதை எப்படித் தள்ளிப்போட முடியும்? வேண்டுதலோடு வெறுங்காலில் நடப்பவரை "போகாதீர்கள்" என்று ஒரே சொல்லில் தடுத்தால், அவர் நம்மிடம் சொல்லாமலே கிளம்பிவிடுவார். 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்னும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதித்து, உணர்வு குறைந்தவரிடம் செருப்பில்லாமல் நடப்பதன் ஆபத்தை எடுத்துச் சொல்லி, நடைக்கிடையே விரலிடுக்குவரை பார்த்துக்கொள்ளவும், கால்வலிக்கு வெந்நீரில் காலை வைக்காமலிருக்கவும் கற்றுத்தர வேண்டும். சூடு உறைக்காத காலில் வெந்நீரே புண்ணை உண்டாக்கிவிடும்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: எங்கள் செட்டிநாட்டுக் கவுனி அரிசியையும் கந்தரப்பம் என்ற இனிப்பையும் அறியாமல், அச்சிட்ட உணவுப் பட்டியலை நீட்டுவதால் இங்கே பயன் இல்லை.

எனக்கு அதிகக் கவலை தருவது தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துபோவது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி ஒருவர் சஷ்டிக்கு விரதமிருந்துகொண்டு, சர்க்கரையைக் குறைக்கும் வழக்கமான கிளிமிபிரைடு மாத்திரையையும் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? வயதானவரின் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அம்மருந்தின் விளைவு நீண்டுகொண்டே போகும். ரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்கி, அவர் நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு மங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மாணவிகள் இதை நோயாளியின் வீட்டுக்கே சென்று, பக்கத்து வீட்டாரையும் உட்காரவைத்துச் சொல்லித்தரப் பழக வேண்டும். விரத நாளில் எந்த மாத்திரையை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கித் தருவதும் அப்பயிற்சியில் சேர வேண்டும்.