பரணில் ஏறிப் பார்த்த ஆணிகள்

தெற்கு ஃபுளோரிடாவின் ப்ரோவர்ட் மாவட்டத்தில், பெம்ப்ரோக் பைன்ஸ் நகரில் நாங்கள் வாங்கிய வீடு 1985இல் கட்டப்பட்டது. காப்பீட்டுத் தவணை குறைய வேண்டுமானால், வீடு காற்றை எந்த அளவுக்குத் தாங்கும் என்று உரிமம் பெற்ற ஆய்வாளர் ஒருவர் பார்த்து எழுதிய படிவத்தைக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தின்படி தவணையில் தள்ளுபடி தர வேண்டும் என்பது இந்த மாநிலத்தின் சட்டம். வந்த ஆய்வாளர் சுவர்களைச் சற்றே பார்த்துவிட்டு, ஏணியைப் போட்டு நேராகப் பரணுக்குள் ஏறினார். கூரைப் பலகையின் அடிப்புறத்தில் விளக்கை அடித்து, அங்குல நாடாவை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எதைப் படம் எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆணிகளை என்றார். ஆனால் எங்கள் கூரையில் அவருக்குக் கிடைத்தவை ஆணிகள்கூட அல்ல, ஸ்டேப்பிள் பின்கள்.

படிவத்தில் ஏழு கேள்விகள் இருந்தன. வீடு எந்த விதித்தொகுப்பின்படி கட்டப்பட்டது, கூரையின் மேலுறை எது, கூரைப் பலகை எந்த அளவு ஆணியால் எவ்வளவு இடைவெளியில் அடிக்கப்பட்டிருக்கிறது, கூரைச் சட்டம் சுவரோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது, கூரை நாற்புறமும் சரிகிறதா இருபுறம் மட்டும் சரிகிறதா, மேலுறை போனாலும் தண்ணீரைத் தடுக்க இரண்டாவது அடுக்கு உண்டா, சன்னல் கதவுகளுக்குக் காப்பு உண்டா என்பவையே அவை. நான் கட்டுமானப் பொறியாளன் அல்லன். ஆனாலும் இந்த ஏழு கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். சில மாதங்கள் அதிலேயே கழிந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் இடிந்துபோன வீடுகள் இருந்தன.

1992 ஆகஸ்ட் 24 அதிகாலையில் ஆண்ட்ரூ என்ற சூறாவளி மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பகுதியில் கரையேறியது. அதன் காற்று வேகம் மணிக்கு 165 மைல் என்று பின்னாளில் மறுகணக்கிட்டு, 2002இல் அதை ஐந்தாம் வகைச் சூறாவளியாக உயர்த்தினார்கள். 25,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை சேதமடைந்தன. பத்துக்கும் மேற்பட்ட காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின. இவ்வளவுக்கும், அன்று அங்கே நடைமுறையில் இருந்த தெற்கு ஃபுளோரிடா கட்டட விதித்தொகுப்பு நாட்டிலேயே கடுமையானவற்றுள் ஒன்று என்று பெயர் பெற்றது. சூறாவளிகளை ஐந்து வகையாகப் பிரிக்கும் அளவுகோலுக்குத் தம் பெயரைத் தந்தவர்களுள் ஒருவரான ஹெர்பர்ட் சஃபிர் இதே ஊர்ப்பக்கத்துக் கட்டுமானப் பொறியாளர். 1969இல் ஐக்கிய நாடுகள் அவைக்காகக் குறைந்த செலவு வீடுகளைப் பற்றி அவர் செய்த ஆய்விலிருந்தே அந்த அளவுகோல் பிறந்தது. இன்று வானிலைச் செய்தியில் கேட்கும் வகை எண் வீடுகள் எப்படிச் சேதமடையும் என்ற கேள்வியிலிருந்து வந்தது என்பதை அறிந்தபோது, அந்த எண்ணைக் கேட்கும் விதமே எனக்கு மாறிவிட்டது.

விதி கடுமையாக இருந்தும் வீடுகள் ஏன் போயின? ஆண்ட்ரூவுக்குப் பின் மத்திய அரசின் பேரிடர் முகமை அனுப்பிய வல்லுநர் குழுவும் மற்ற ஆய்வாளர்களும் தெருத் தெருவாக நடந்து இடிபாடுகளைப் பார்த்தார்கள். பிய்ந்து விழுந்த கூரைப் பலகைகளைத் திருப்பிப் பார்த்தபோது, பல இடங்களில் ஆணியோ ஸ்டேப்பிளோ அடியிலிருந்த மரச்சட்டத்தைத் தொடவே இல்லை என்பது தெரிந்தது. காற்றழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு விரைவாக அடித்துச் செல்லும் தொழிலாளிக்குப் பலகைக்குக் கீழே சட்டம் எங்கே ஓடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஓர் அங்குலம் விலகினால் அந்த ஆணி வெற்றுவெளியில் தொங்கும், பலகையோ மேலிருந்து பார்க்கும்போது குறையின்றி இருக்கும். மேலே தாள் விரித்து ஓடு பதித்த பிறகு எந்த ஆய்வாளராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆணிக்கு மாற்றாக ஸ்டேப்பிளை அன்றைய விதியே அனுமதித்திருந்தது. அதே ஊரில் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பின் தன்னார்வலர்கள் கட்டிய எளிய வீடுகள் பெரிதும் சேதமின்றி நின்றன. தொழில் பழகாத அந்தக் கைகள் ஒன்று போதும் என்ற இடத்தில் பல ஆணிகளை அடித்திருந்தன என்று அதற்குக் காரணம் சொல்வார்கள்.

காற்று ஒரு வீட்டை எப்படிப் பிரிக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதைத் தலைகீழாகவே எண்ணியிருந்தேன். காற்று சுவரைத் தள்ளிச் சாய்க்கும் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் கூரையின் விளிம்பைத் தாண்டும் காற்று அங்கே பிரிந்து சுழல்வதால், கூரையின் மேற்பரப்பில் அழுத்தம் சட்டென்று குறைந்து, பலகை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 165 மைல் வேகத்தில் அது சதுர அடிக்கு ஏறக்குறைய 70 பவுண்டு. நான்கடிக்கு எட்டடி அளவுள்ள ஒரு ப்ளைவுட் பலகைக்குக் கணக்கிட்டால் ஒரு டன்னைத் தொடுகிறது. கூரையின் மூலைகளிலும் விளிம்புகளிலும் இழுவிசை இதைவிடவும் மிகுதி. அந்தச் சுமையை எல்லாம் தாங்கி நிற்பவை சில டஜன் ஆணிகள்.

இதோடு ஒரு சன்னல் உடைந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. மூடிய வீட்டின் உள்ளே காற்றழுத்தம் சிறிதளவே மாறும். பொறியாளர்கள் அதற்கு 0.18 என்ற கெழுவைப் பயன்படுத்துகிறார்கள். காற்று வரும் பக்கத்தில் ஒரு பெரிய திறப்பு ஏற்பட்டுவிட்டால் அதே கெழு 0.55 ஆகிறது, அதாவது மும்மடங்கு. வெளியிலிருந்து உறிஞ்சப்படும் கூரை இப்போது உள்ளிருந்தும் தள்ளப்படுகிறது. ஆண்ட்ரூவில் சன்னல்களையும் கராஜ் கதவுகளையும் உடைத்தவற்றுள் பெரும்பகுதி பக்கத்து வீட்டின் ஓடுகளும் மரத்துண்டுகளுமே. இருசரிவுக் கூரையின் இரு முனைகளிலும் நிற்கும் முக்கோணச் சுவருக்குக் கூரைப் பலகையே பக்கத்துணை என்பதால், பலகை போனதும் அந்தச் சுவரும் சாய்ந்தது. ஒரு வீட்டில் ஆணி பிசகியது தெரு முழுவதற்கும் ஆபத்தாக முடிந்தது. என் வீட்டை நான் எப்படிக் கட்டினால் உனக்கென்ன என்று யாரும் இங்கே கேட்க முடியாது என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

இந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான் 1994இல் மயாமி-டேட், ப்ரோவர்ட் மாவட்டங்களின் விதியில் ஏறிய மோதல் சோதனை. ஒன்பது பவுண்டு எடையுள்ள மரச்சட்டம் ஒன்றை நொடிக்கு 50 அடி வேகத்தில் சன்னலை நோக்கி எறிவார்கள். கண்ணாடி விரியலாம், ஆனால் துளை விழக்கூடாது. அதோடு விடாமல், அடி வாங்கிய அதே சன்னலை மாறி மாறி வரும் அழுத்தத்துக்கு மறுபடி மறுபடி உட்படுத்துவார்கள், ஏனென்றால் சூறாவளி ஒரே அடியோடு போய்விடுவதில்லை. இந்தப் பகுதிக் கடைகளில் விற்கும் ஷட்டர்களிலும் சன்னல்களிலும் ஒட்டியிருக்கும் ஒப்புதல் எண்ணுக்குப் பின்னால் இந்தச் சோதனைகள் இருக்கின்றன.

மாநிலம் முழுவதற்குமான ஃபுளோரிடா கட்டட விதித்தொகுப்பு 2002 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 2004 ஆகஸ்ட் 13 அன்று, சார்லி என்ற சூறாவளி மேற்குக் கரையில் புண்டா கோர்டா ஊரைத் தாக்கியது. ஆராய்ச்சியாளர்களுக்கு அது பழைய விதியில் கட்டிய வீட்டையும் புதிய விதியில் கட்டிய வீட்டையும் ஒரே காற்றில் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பாக அமைந்தது. காப்பீட்டுத் துறையின் ஆய்வு நிறுவனம் இழப்பீட்டுக் கணக்குகளைப் பார்த்தபோது, தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்குப் பின் கட்டிய வீடுகளில் கோரிக்கைகளின் எண்ணிக்கை 60 சதவீதமும், கோரிக்கை எழுந்த வீடுகளிலும் சேதத்தின் அளவு 42 சதவீதமும் குறைந்திருந்தன. விதியால் செலவு மட்டுமே கூடுகிறது என்று சொல்லி வந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஆனால் நன்றாக நின்ற வீடுகளிலும் ஒரு குறை தெரிந்தது. கூரை நிற்கிறது, சுவர் நிற்கிறது, உள்ளே கூரைத்தட்டு நனைந்து இடிந்து விழுந்திருக்கிறது. கூரை இறவாணத்தின் அடியில் பொருத்தும் மெல்லிய தகடு கழன்றதாலும், ஓடு பறந்த பின் பலகைகளுக்கு இடையே உள்ள இடுக்குகள் வழியாகவும் மழை உள்ளே புகுந்திருந்தது. இதைப் புரிந்துகொள்ள இடிபாடு போதவில்லை. காற்றையும் மழையையும் வேண்டும்போது வரவழைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஃபுளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தில் 12 ராட்சத மின்விசிறிகளை அடுக்கி, மணிக்கு 157 மைல் வேகம் வரை காற்றை எழுப்பும் கூடம் கட்டினார்கள். அதற்குக் காற்றுச் சுவர் என்று பெயர். தென் கரோலினாவின் ரிச்பர்க் ஊரில் காப்பீட்டுத் துறையினர் 105 விசிறிகளோடு முழு வீட்டையே உள்ளே நிறுத்திச் சோதிக்கும் கூடத்தை 2010இல் திறந்தார்கள். அங்கே வழக்கமான முறையில் கட்டிய வீட்டையும், ஆணிகளையும் உலோகப் பட்டைகளையும் கூட்டி வலுப்படுத்திய வீட்டையும் அருகருகே நிறுத்திக் காற்றை ஏவினார்கள். முன்கதவு திறந்துகொண்டதும் முதல் வீடு சரிந்து விழுந்தது, பக்கத்து வீடு நின்றது. பலகை இடுக்குகளை ஒட்டுப்பட்டையால் அடைத்தால் உள்ளே வரும் நீர் எவ்வளவு குறைகிறது என்பதையும் அதே கூடத்தில் அளந்தார்கள். ஃபுளோரிடா கட்டட விதித்தொகுப்பின் 2020ஆம் ஆண்டு ஏழாம் பதிப்பில் கூரையின் அடியுறைக்கான விதிகள் அந்த வழியில் இறுக்கப்பட்டன.

எல்லாச் சான்றும் விதியாகிவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாநிலத்தின் வடமேற்குப் பகுதிக்கு, அங்கே கடும் சூறாவளி அரிது, வீட்டின் விலை ஏறிவிடும் என்ற வாதத்தின் பேரில், பறந்து வரும் பொருள்களுக்கு எதிரான காப்பைக் கடற்கரையிலிருந்து ஒரு மைல் தொலைவுக்கு மட்டும் கட்டாயமாக்கி விலக்கு அளித்தார்கள். 2007இல்தான் அது நீக்கப்பட்டது. 2018 அக்டோபர் 10 அன்று மைக்கேல் என்ற ஐந்தாம் வகைச் சூறாவளி அதே பகுதியில் மெக்சிகோ பீச் ஊரில் கரையேறியது. விலக்கு நடைமுறையில் இருந்த ஆண்டுகளில் அதன் நிழலில் கட்டிய வீடுகளைப் பிந்தைய திருத்தம் தொடவில்லை. வானிலை வரலாறு நீண்டது, நம்முடைய பதிவேடு மிகக் குறுகியது. நூறாண்டுப் பதிவில் இல்லாத புயல் வராது என்று சட்டமன்றத்தில் வாக்களித்து முடிவு செய்வது எனக்கு இன்றும் கோபத்தைத் தருகிறது.

எங்கள் வீட்டைப் போன்ற பழைய வீடுகளின் சிக்கலும் அதுவே. விதி புதிய வீட்டுக்குத்தான் பேசும். இதற்கு ஃபுளோரிடா கண்ட வழி எனக்குப் பிடித்திருக்கிறது: பழைய வீட்டில் கூரையை மாற்றும்போது, ஓட்டைக் கழற்றிப் பலகை வெளியே தெரியும் அந்தச் சில நாட்களில், பலகைக்கு மறு ஆணி அடித்தாக வேண்டும் என்று 2007இல் கட்டாயமாக்கினார்கள். எப்படியும் செய்யப்போகும் வேலையோடு சேர்வதால் கூடுதல் செலவு சிறிது. எங்கள் கூரையை இதற்கு முன் மாற்றியது 2003இல் என்பதால் அது இந்த விதிக்குத் தப்பிவிட்டது, ஸ்டேப்பிள்கள் அப்படியே தங்கிவிட்டன.

சென்ற ஆண்டு கூரையை மாற்றினோம். தண்டில் வளையம் வளையமாக வரி போட்ட இரண்டரை அங்குல ஆணிகளை ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக அடித்தார்கள். வரிகள் மரத்தைக் கவ்விக்கொள்வதால் வழவழப்பான ஆணியைவிட இவற்றைப் பிடுங்குவது கடினம். அடித்து முடித்த மாலையில் நான் விளக்கோடு பரணில் ஏறி, ஒவ்வொரு சட்டத்தையும் ஒட்டி ஊர்ந்து பார்த்தேன். பதினேழு இடங்களில் ஆணியின் பளபளக்கும் முனை மரத்தைத் தொடாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, மறுநாள் காலை மேற்பார்வையாளரிடம் காட்டினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ஆள் ஒருவரைப் பரணுக்குள் அனுப்பி, கீழிருந்து தட்டி இடம் சொல்லச் சொல்லி, பதினேழு இடத்திலும் சட்டத்தில் இறங்கும்படி புதிதாக அடிக்க வைத்தார். நகராட்சி ஆய்வாளர் பத்து மணிக்கு வந்து, நாடாவைப் பிடித்து இடைவெளியை அளந்து, கையொப்பமிட்டார். அதன் பிறகே தாளை விரித்தார்கள்.