78-க்கு அடுத்தது 789

என் அறை ஜன்னலின் மூலையில் ஒரு குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டத் தொடங்கியிருந்தது. அதைக் கலைப்பதா, விட்டுவைப்பதா என்று முடிவெடுப்பதற்கு முன் குளவிகளைப் பற்றி ஒரு புத்தகமாவது படித்துவிடுவோம் என்ற நல்லெண்ணத்தில்தான் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன்.

அங்கிருந்த கணினியில், கூகுளிடம் கேட்பதைப் போலவே, குளவி ஏன் வீட்டுக்குள் மண்கூடு கட்டுகிறது என்று ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகத் தட்டினேன். 'பொருந்தும் நூல் எதுவும் இல்லை' என்று பதில் வந்தது. நூற்பட்டியலுக்கு நம் மனத்தைப் படிக்கும் பழக்கம் கிடையாது. புத்தகத்தின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதும் பெரும்பாலும் அதற்குத் தெரியாது. தலைப்பு, ஆசிரியர், நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் பொருள் தலைப்பு என்று ஒரு பதிவில் இருக்கும் சில வரிகளுக்குள் நாம் தட்டிய சொற்கள் அத்தனையும் இருக்கின்றனவா என்று மட்டுமே அது பார்க்கும். என்னுடைய 'ஏன்' எந்த நூலின் பதிவிலும் இல்லை.

சரி, சுருக்கமாகக் கேட்போம் என்று குளவியைக் குறிக்கும் 'வாஸ்ப்' என்ற ஒற்றைச் சொல்லை ஆங்கிலத்தில் இட்டேன். இம்முறை புத்தகங்கள் வரிசையாக வந்தன. முதலில் வந்தது, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானங்களை ஓட்டிய பெண்களைப் பற்றியது. 1943-இல் உருவான அவர்களுடைய அமைப்பின் பெயர்ச்சுருக்கம் அதுவாம். அடுத்து, 1942-இல் மூழ்கடிக்கப்பட்ட, அதே பெயர் கொண்ட விமானந்தாங்கிக் கப்பல். அதன்பின், அதே சொல்லால் அழைக்கப்படும் ஆங்கிலேய வம்சாவளி அமெரிக்கச் சீமான்களைப் பற்றிய சமூகவியல் ஆய்வு. ஆறு கால்களுடன் பறக்கும் ஒன்றைக்கூடக் காணவில்லை.

கடைசியில் 'பூச்சிகள்' என்று பொதுவாகத் தேடி, எறும்பு, தேனீ, குளவி மூன்றையும் சேர்த்துப் பேசும் ஒரு நூலைப் பிடித்தேன். அலமாரியில் அதன் இடத்தைச் சொல்லும் அழைப்பு எண் 595.79, நிலை, 'அலமாரியில் உள்ளது'. எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, வெற்றி வீரனைப் போல மாடியேறினேன்.

அலமாரியில் 595.76-இல் வண்டுகள் இருந்தன, 595.77-இல் ஈக்கள் இருந்தன, 595.78-இல் அந்துப்பூச்சிகள் இருந்தன. அதற்கடுத்து 79 வரவேண்டிய இடத்தில், வெட்கமே இல்லாமல் 595.789 என்று பட்டாம்பூச்சிப் புத்தகங்கள் உட்கார்ந்திருந்தன. எழுபத்தெட்டுக்குப் பிறகு எழுநூற்று எண்பத்தொன்பதா? நடுவில் இருந்த எழுநூற்றுச் சொச்சத்தையும் யாரோ அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, கீழே இறங்கி வந்து, நூலகரிடம் இது குறித்துச் சற்று உரத்த குரலிலேயே முறையிட்டேன்.

அவர் கணினியைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த தாளைத்தான் பார்த்தார்.

"இதில் ஒரு புள்ளி இருக்கிறதே, கவனித்தீர்களா?"

"கவனித்தேன் மேடம்."

"அது தசமப் புள்ளி. 79 என்பதை 790 என்று நினைத்துக்கொள்ளுங்கள். 789-க்கு அடுத்தது என்ன?"

மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட நூலகப் பகுப்பு முறைக்குத் தசம வகைப்பாடு என்று பெயர். பெயரிலேயே விடையை வைத்திருக்கிறார் மனிதர். ஐந்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றுப்போன முகத்துடன் மறுபடியும் மாடியேறினேன். பட்டாம்பூச்சிகளை ஒட்டி, ஒரு விரற்கடை தூரத்தில், என் புத்தகம் நின்றுகொண்டிருந்தது.

அதை உருவும்போதுதான் வலப்பக்கம் கண்ணில் பட்டது. 595.796-இல் எறும்புகள், அதைத் தாண்டி 595.798-இல் குளவிகள், குளவிகள், குளவிகள். முழுக்க முழுக்கக் குளவிகளைப் பற்றியே ஆறு தடித்த புத்தகங்கள். இவை ஏன் பட்டியலில் வரவில்லை என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு, இரண்டாம் முறையாக நூலகரிடம் போய் நின்றேன். அவர் அந்நூலின் முழுப் பதிவைத் திறந்து, பொருள் தலைப்பின் மேல் விரலை வைத்தார். அங்கே 'வாஸ்ப்ஸ்' என்று பன்மையில் இருந்தது. நான் தேடியதோ ஒருமை. உயிரினங்களின் பெயரைப் பொருள் தலைப்பில் பன்மையில் எழுதுவதுதான் வழக்கமாம். சொல்லின் அடியை மட்டும் தட்டி, இறுதியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தால் இரண்டும் வந்திருக்கும். அதைவிட எளிய வழி, உருப்படியான ஒரு நூல் அகப்பட்டதும் அதன் பொருள் தலைப்பைச் சொடுக்குவதுதான் என்றார். அவர் சொடுக்கிக் காட்டினார். ஆறும் வந்தன, விமானங்களும் கப்பலும் காணாமல் போயின.

ஆறில் இரண்டை இரவல் பெற்றுக்கொண்டேன். அவற்றுள் ஒன்றில், குளவி சிலந்திகளைக் கொட்டி மயக்கித் தன் கூட்டுக்குள் அடைத்துவைக்கும் என்றும், ஒரு முறை மூடிய அறையைத் திரும்பிப் பார்க்காது என்றும் படித்தேன். இதற்குள் ஜன்னலில் இருந்தது மூன்றாவது அறையைக் கட்டிக்கொண்டிருந்தது.